எலிக்காய்ச்சலும் வயிற்று வலியும்: மழைக்காலத்தில் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, இருப்புப்பாதைப் பராமரிப்பிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் பாதைப் பராமரிப்பு வேலையில் மூன்று பொருள்களோடு எங்களுக்கு ஓயாத உறவு உண்டு. அவை தண்ணீர், சாக்கடை, எலி. இந்த மூன்றும் சேரும் இடத்தில் ஒரு காய்ச்சல் பிறக்கிறது. அதனால் எங்கள் தொழிலாளர் படும் துன்பத்தை அருகிருந்து பார்த்தேன். பிறகு டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பாடமாகத் தொகுத்துத் தருகிறேன். டிராம்பே, மான்குர்த், செம்பூர், தாராவி பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

1. நோயின் பெயரும் வரலாறும்

தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம். மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பர். மும்பைவாசிகள் சுருக்கமாக 'லெப்டோ' என்றே சொல்வார்கள். 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர், காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை ஒன்றாக வரும் ஒரு நோயை விவரித்து எழுதினார். அதனால் இதன் கடுமையான வகைக்கு வைல் நோய் என்று பெயர். காரணம் என்ன என்பது அப்போது தெரியவில்லை. சுமார் 30 ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் பரவியபோது, இனாடா, இடோ என்ற இரு அறிஞர்கள் கிருமியைக் கண்டுபிடித்தனர். எலி அதைச் சுமந்து திரிவதும் அங்கேயே தெரிந்தது. ஈரமான சுரங்கம், வெறுங்கால் தொழிலாளி, எலி என்ற அந்தச் சேர்க்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மழைக்காலச் சந்துகளில் இருப்பதும் அதே சேர்க்கைதான்.

இந்தியாவுக்கும் இந்நோய் புதிதன்று. அந்தமானில் இந்நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவர்கள் 1931லேயே எழுதினார்கள். மதுரையில் 1993ஆம் ஆண்டு இறுதியில் பெருவெள்ளம் வந்தது. அதையடுத்த மாதங்களில் கண்ணின் உட்பகுதி வீங்கிப் பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். ஆராய்ந்ததில் அதற்கும் எலிக்காய்ச்சல் கிருமியே காரணம் என்று தெரிந்தது. காய்ச்சல் போன பின்னும் இந்தக் கிருமி உடம்பின் எந்த மூலையில் வேலை காட்டும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

2. கிருமி நம்மிடம் வரும் வழி

லெப்டோஸ்பைரா என்பது சுருள் கம்பி போன்ற மிக மெல்லிய கிருமி. அதன் முனை கொக்கி போல வளைந்திருக்கும். பார்ப்பதற்குக் கேள்விக்குறி போல இருப்பதால் விஞ்ஞானிகள் பெயரிலேயே அந்தப் பொருளை வைத்துவிட்டனர்.

இது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு நோய் வராது. ஆனால் எலி சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் கிருமி வெளியே வரும். பெருச்சாளி, நாய், மாடு, எருமை, பன்றி, ஆடு ஆகியவையும் இதைச் சுமக்கலாம். வெளியே வந்த கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்கு காய்ந்த இடத்தில் விரைவில் செத்துவிடும். குளோரினுக்கும் தாங்காது.

மனிதன் அந்தத் தண்ணீரில் கால் வைக்கும்போது, பித்தவெடிப்பு, சேற்றுப்புண், செருப்புக் கடித்த இடம், சிறு கீறல் ஆகியவற்றின் வழியே கிருமி உள்ளே போகிறது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மெல்லிய தோல் வழியேயும் போகும். எலி கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'எங்கள் வீட்டில் யாரையும் எலி கடிக்கவில்லை, பின் எப்படி எலிக்காய்ச்சல்?' என்று பலர் கேட்பதற்கு விடை இதுவே. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

3. நம் பகுதிக்கு ஏன் இந்த அபாயம்?

டிராம்பேயைச் சுற்றிக் கடல்நீர்க் கழி இருக்கிறது. நிலம் தாழ்வானது. 1976ஆம் ஆண்டு நெருக்கடி நிலையின்போது ஜனதா காலனி மக்களை அப்புறப்படுத்திச் சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தினார்கள். அவர்களுள் தமிழர் ஏராளம். ஒடுங்கிய சந்துகள், வாசலை ஒட்டி ஓடும் கட்டர், அதற்கு மேல் சிமெண்டுப் பலகை என்று அமைந்த பகுதி. அருகில் தேவ்னார் குப்பைமேடு 1927 முதல் இருக்கிறது. அங்கேயே மாநகராட்சியின் இறைச்சிக் கூடமும் உண்டு. எலிக்கு உணவும் வளையும் குறைவில்லாத இடம்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதியை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத் தண்ணீர்! மீட்டி ஆறு பெருகியது, குர்லா, சயான் பகுதிகள் மூழ்கின, ரயில்கள் நின்றன. லட்சக்கணக்கானோர் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து வீடு திரும்பினர். அடுத்து வந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் முந்தைய ஆண்டுகளைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பெருகியதாக மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதற்குப் பிறகுதான் 'லெப்டோ' என்ற சொல் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது.

உலக அளவில் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் கடுமையாக வருவதாகவும், சுமார் 59,000 பேர் இறப்பதாகவும் 2015ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

4. காய்ச்சலின் போக்கு

தண்ணீரில் நடந்த நாளிலிருந்து 2 முதல் 30 நாட்களுக்குள் காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் வரும். இந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது. காய்ச்சல் வரும்போது நடந்த வெள்ளம் மறந்துபோயிருக்கும்.

முதலில் குளிருடன் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. இவை மலேரியாவிலும் டெங்குவிலும் உண்டு. இந்நோய்க்கே உரிய இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். ஒன்று, கெண்டைக்காலைத் தொட்டாலே தாங்க முடியாத வலி. மற்றொன்று, பீளையோ நீரோ இல்லாமலே கண்கள் சிவந்திருப்பது. இரண்டும் எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பெரும்பாலோருக்கு இது ஒரு வாரத்தில் தணிந்துவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு மட்டும் கடுமையாகிறது. அப்போது காமாலை வரும், சிறுநீர் குறையும், நுரையீரலில் ரத்தம் கசியலாம். கிருமி நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைப்பதே இதற்கெல்லாம் அடிப்படை. ரத்தக் குழாய் இல்லாத உறுப்பு இல்லை. ஆகவே எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம்.

5. வயிற்றில் வரும் அபூர்வச் சிக்கல்

இக்கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வந்துவிட்டோம்.

எலிக்காய்ச்சலில் வயிற்று வலி, வாந்தி ஆகியவை சாதாரணமாகவே வரும். ஆனால் சிலருக்கு, அபூர்வமாக, கணையமே வீங்கிவிடுகிறது. இதைக் கணைய அழற்சி என்பர்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். உணவில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் நீரைச் சுரப்பது இதன் வேலை. இறைச்சியையே கரைக்கும் அந்த நீர் கணையத்தை ஏன் கரைப்பதில்லை? இதற்கு எங்கள் ரயில்வேயிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். மூடுபனிக் காலத்தில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை தரத் தண்டவாளத்தின் மேல் பட்டாசு வைப்போம். அது பெட்டியில் இருக்கும் வரை வெடிக்காது. தண்டவாளத்தில் வைத்து, சக்கரம் ஏறினால்தான் வெடிக்கும். கணைய நீரும் அப்படித்தான். கணையத்தில் இருக்கும் வரை வேலை செய்யாத நிலையில் இருக்கும். சிறுகுடலுக்குள் சென்ற பிறகே அது செயல்படத் தொடங்கும்.

கிருமி கணையத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைத்து, ரத்த ஓட்டம் குறைந்து, உயிரணுக்கள் உடையும்போது, அந்த நீர் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கிவிடுகிறது. பட்டாசு பெட்டிக்குள்ளேயே வெடிப்பது போல! கணையம் தன்னைத் தானே கரைத்துக்கொள்கிறது. மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். வாந்தி நிற்காது.

இதே முறையில் பித்தப்பையும் வீங்குவது உண்டு. வழக்கமாகப் பித்தப்பை வீங்கினால் கல் இருக்கும். இங்கே கல்லே இருக்காது. வலது விலாவின் கீழ் வலியும் காமாலையும் சேர்ந்து வருவதால், அறுவை சிகிச்சைக்குரிய நோய் என்று எண்ண இடமுண்டு. ஆனால் பெரும்பாலும் கிருமிக்குரிய மருந்து கொடுத்தாலே இவ்வீக்கம் வடிந்துவிடும். எனவே காரணத்தைக் கண்டுகொள்வது ஓர் அறுவையையே தவிர்க்கக்கூடும்.

6. நான் அருகிருந்து பார்த்த ஒரு நிகழ்ச்சி

2005 வெள்ளத்துக்கு மறுநாள் முதல் பாதையைச் சீர் செய்யும் பணி நடந்தது. எங்கள் குழுவில் இருந்த ஒரு கேங்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. மதகு அடைப்பை எடுக்க மூன்று நாள் சகதித் தண்ணீரில் நின்றார். இரு குதிகாலிலும் பித்தவெடிப்பு உண்டு. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கூடவே மேல்வயிற்றில் வலி. பக்கத்து டாக்டர் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டார். வீட்டில் குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினார்கள். நான்காம் நாள் கண் மஞ்சளித்தது. சிறுநீர் மிகவும் குறைந்தது. வலி முதுகுக்குப் போனது.

அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சோதனையில் கணைய வீக்கம் தெரிந்தது. கணையம் வீங்குவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: ஒன்று மது, மற்றொன்று பித்தக்கல். கல் இல்லை. எனவே பணியில் இருந்த இளம் டாக்டர், 'எவ்வளவு குடிப்பார்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சபரிமலைக்கு மாலை போடுபவர்; மதுவைத் தொடாதவர். மனைவிக்கு இந்தி வராது. அந்த அம்மாள் 'நஹி, நஹி' என்று அழுதுகொண்டே நின்றார். அவர் பொய் சொல்கிறார் என்றே அங்கிருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள்.

செய்தி கேட்டு மாலையில் நான் போனேன். வேலைப் பதிவேட்டில் இருந்த தேதிகளைச் சொன்னேன். 'இந்த மனிதர் ஜூலை 27, 28, 29 மூன்று நாளும் வெள்ளத் தண்ணீரில் நின்றவர். காலில் வெடிப்பு இருக்கிறது, பாருங்கள்' என்றேன். மூத்த டாக்டர் உடனே கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். நோயாளி அலறினார். அன்று இரவே லெப்டோவுக்கு மருந்து தொடங்கினார்கள். பின்னர் ரத்தப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. நான்கு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. 23 நாள் கழித்து வீடு திரும்பினார். பிறகு பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது ஊரில் இருக்கிறார்.

அதே மாதத்தில் எங்கள் பக்கத்துச் சந்தில் 19 வயதுப் பையன் ஒருவன் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே ஆறு நாள் வீட்டில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன இரவே இறந்தான். அவன் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அறிந்தவர் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லவே இந்தக் கட்டுரை.

7. டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

மேற்சொன்ன நிகழ்ச்சியின் பாடம் எளிது. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் தண்ணீரில் நடந்ததை நாமே சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்களில், அண்மையில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி தயங்கும். அவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்:

'டாக்டர் சாப், தஸ் தின் பெஹலே யே பாரிஷ் கே பானி மே சலே தே. பைர் மே ஜக்கம் ஹை.'

பத்து நாள் முன்பு இவர் மழைத் தண்ணீரில் நடந்தார், காலில் புண் இருக்கிறது என்பது பொருள். நாள் எத்தனையோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மாடு, ஆடு வளர்ப்பவர், இறைச்சிக் கடையில் வேலை பார்ப்பவர், கட்டர் சுத்தம் செய்பவர் தம் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

8. பரிசோதனையும் சிகிச்சையும்

முதல் வாரத்தில் ரத்தத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உதவும். ஐந்து முதல் ஏழு நாள் ஆன பிறகே எலிசா என்னும் சோதனை சரியாகக் காட்டும். ஆகவே மூன்றாம் நாள் எடுத்த எலிசா 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அது சரியான முறையே.

கணையம் வீங்கினால் ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற இரண்டின் அளவு உயரும். ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாதபோது கணையம் நன்றாக இருந்தாலும் அமிலேஸ் உயரலாம். எனவே இந்நோயில் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், வலியின் தன்மையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 'ஏன் இத்தனை டெஸ்ட்?' என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சைக்குப் பழைய பென்சிலினே இன்றும் பயன்படுகிறது. செஃப்ட்ரியாக்ஸோன், டாக்ஸிசைக்ளின் ஆகியவையும் உண்டு. கணைய வீக்கத்துக்கு ஊசி வழியே நீர் ஏற்றுதல், வலி குறைத்தல், தேவையானால் டயாலிசிஸ் ஆகியவையே முக்கியம். கத்தி வைக்க வேண்டிய நிலை குறைவு. சிறுநீரகம் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடும் என்பது இந்நோயில் ஓர் ஆறுதல்.

9. வீட்டில் செய்யக் கூடாதவை

(அ) காய்ச்சலோடு வயிற்று வலி இருந்தால் குடல் தட்டுவது, வயிற்றை அழுத்தி நீவுவது வேண்டாம்.

(ஆ) கண் மஞ்சளானால் கீழாநெல்லியோடு நிறுத்திவிட வேண்டாம். காய்ச்சலும் காமாலையும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

(இ) மஞ்சள் சிறுநீரை 'உடம்புச் சூடு' என்று விட வேண்டாம். அளவு குறைகிறதா என்று பாருங்கள்.

(ஈ) கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் அளவோடு.

10. வருமுன் காத்தல்

வெள்ளத் தண்ணீரில் நடக்க நேர்ந்தால், வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, துடைத்து, புண் இருந்தால் மருந்திட்டு மூட வேண்டும். பித்தவெடிப்பு உள்ளவர் மழைக்காலத்தில் கட்டாயம் மூடிய ரப்பர் செருப்போ கம்பூட்டோ அணிய வேண்டும். ஹவாய் செருப்பு தண்ணீரைத் தடுக்காது.

முன்கூட்டியே எடுக்கும் மாத்திரையும் உண்டு. பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்தனர். மாத்திரை எடுக்காத பிரிவில் 20 பேருக்கு நோய் வந்தது. எடுத்த பிரிவில் ஒருவருக்கே வந்தது. இம்முடிவு 1984இல் வெளியானது. மும்பை மாநகராட்சியும் பெருமழைக்குப் பின், தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரின் ஆலோசனைப்படி தடுப்பு மருந்து எடுக்குமாறு அறிவித்து வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை பொருந்தாது. அவர்களுக்கு வேறு மருந்து தருவார்கள். ஆகவே தாமாக வாங்கி உண்ணாமல் மாநகராட்சி மருந்தகத்தில் கேட்பதே முறை.

எலியை ஒழிக்க எலிப்பொறி மட்டும் போதாது. எலிக்கு உணவு கிடைக்கும் வரை புது எலி வந்துகொண்டே இருக்கும். இரவில் சந்து மூலையில் சோற்றைக் கொட்டாமல் இருப்பது, கட்டர் பலகையின் இடைவெளியை அடைப்பது, மாவு டிரம்மை மூடி வைப்பது ஆகியவை செலவில்லாத வேலைகள். நாய் வளர்ப்போர் அதற்குரிய தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். டின் பானங்களை வாய் வைத்துக் குடிக்கும் முன் மேல்பகுதியைக் கழுவுவதும் நல்ல பழக்கம்.

நினைவில் வைக்கச் சில கேள்விகள்

பிள்ளைகளிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

எலி கடிக்காமலே எலிக்காய்ச்சல் வருமா? வரும். புண் உள்ள கால் தண்ணீரில் பட்டாலே போதும்.

தண்ணீரில் நடந்து எத்தனை நாள் வரை கவனமாக இருக்க வேண்டும்? 30 நாள்.

காய்ச்சலோடு மேல்வயிற்று வலி முதுகுக்குப் போனால் எந்த உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும்? கணையம்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது என்ன? தண்ணீரில் நடந்த தேதி.

ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டி தொங்குகிறது. வெள்ளத்தில் நடந்த அன்று அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நடந்தவர் பெயரை எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அழித்துவிடலாம். பாதைப் பதிவேட்டில் நாங்கள் செய்து வந்ததும் இதுவே. ஒரு மனிதரின் உயிர் காக்க அந்தப் பதிவேடு உதவியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.